ரோலரில் இன்னும் ஒரு தடவை

ஜனவரி 8

அண்ணா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா போனில் உன்னைக் கேட்பதும் நீ பதில் சொல்வதும் கதவுக்குப் பின்னால் நிற்கும் எனக்குக் கேட்கிறது. உன் இருமல் நின்றுவிட்டது. உன் அறையில் தங்கியிருப்பவன் குறட்டை விடுகிறான். சட்டையில் மறுபடியும் அமிலம் பட்டு ஓட்டை விழுந்திருக்கிறது. என்னைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்காததும் எனக்குக் கேட்கிறது.

இந்தத் தாளை உனக்கு வரும் பார்சலுக்குள், தகடுகளுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தாள்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அந்தத் தகடுகளைப் பூசியது நான்தான்.

நான்கு மாதமாக இங்கே வேலை பார்க்கிறேன். பேட்டரிக்குள் வைக்கும் தகடுகளுக்குப் பூச்சு போட்டுக் கொடுக்கும் பட்டறை. உனக்குத் தெரிந்த இடம்தான், இல்லையென்றால் உன் ஆராய்ச்சிப் பொடியை இங்கே அனுப்பியிருக்க மாட்டாய். முதலில் தரை துடைக்கவும் பாத்திரம் கழுவவும்தான் சேர்ந்தேன். பூச்சு போட்டுக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போனதும் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார். "உனக்குக் கை நடுங்காதுல்ல?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் தேர்வு.

கண்ணாடி மேஜை மேல் செம்புத் தாளை விரித்து, பொடியைக் கலந்த கறுப்புக் குழம்பை ஒரு ஓரத்தில் ஊற்றி, பிளேடை வைத்து ஒரே இழுப்பில் இழுத்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் கோடு விழும். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. எனக்காகவே கண்டுபிடித்தது போல இருக்கிறது.

போன வாரம் ஒரு டப்பா வந்தது. மூடியில் "மெதுவாகத் திறக்கவும், பறந்துவிடும்" என்று எழுதியிருந்தது. உன் கையெழுத்து. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, குழம்பு கலக்கும் அக்கா "என்னடி, டப்பாவோட பேசுறியா? எங்ககிட்டதான் பேசமாட்டே" என்றார். நீ என் அண்ணன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

பதில் எழுத வேண்டாம். "படிப்பை விட்டவளோட எனக்கென்ன பேச்சு" என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. தகடு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும். அடுத்த டப்பாவோடு ஒரு துண்டுத் தாளில் "சரி" என்றோ "சரியில்லை" என்றோ எழுதி வை.

உன் தங்கை

&nbsp;

ஜனவரி 19

மூஞ்சூறே,

பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொன்னேனா?

அந்தத் தாளைக் கசக்கிக் குப்பையில் போடப்போனேன். கடைசி நொடியில் "அண்ணா" என்ற எழுத்து கண்ணில் பட்டது. சோதனைச்சாலை நடுவே, தலையில் வலைத்தொப்பி, கையில் கையுறையோடு நின்று முழுவதையும் படித்தேன். குறட்டைக்காரன் (அவன் இங்கேயும் என் பக்கத்து மேஜைதான், விதி) "என்னடா, லவ் லெட்டரா?" என்றான். "என் தங்கச்சி" என்றேன். "உனக்குத் தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டான். ஒரே அறையில் ஒன்றரை வருடம். நான் சொன்னதே இல்லை போலிருக்கிறது. அதற்காக அன்று முழுக்க என் மேலேயே எனக்குக் கோபம்.

சரி, தகடு விஷயம். உண்மையைச் சொல்லட்டுமா? வறண்ட குளம் மாதிரி இருந்தது. அங்கங்கே வெடிப்பு, ஓரமெல்லாம் சொரசொரப்பு. குறட்டைக்காரன் அதைத் தூக்கிப் பிடித்து, "யாருடா பூசினது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவரா?" என்றான். நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கலை தெரியாதவனே, கீழே வை" என்றேன். ஆனால் மேடம் வந்தபோது தகட்டை மெல்ல மேஜை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். மேடம் என்றால் என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். அவர் சிரித்தால் நாட்காட்டியில் குறித்து வைப்போம்.

அதிலிருந்து சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி, கைக்கடிகார பேட்டரி அளவில் செல்கள் செய்து, சோதனை இயந்திரத்தில் மாட்டியிருக்கிறேன். அது ராப்பகலாக சார்ஜ் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். இதுவரை செல்லுக்கு ஒன்றுமில்லை, ஓடுகிறது.

அம்மாவிடம் "மணலில் இருக்கும் சிலிக்கானை வைத்து பேட்டரி" என்று ஒரு தடவை சொன்னது தப்பாகிப்போனது. "மண்ணை வறுக்க அவ்வளவு தூரம் போகணுமாப்பா, நம்ம வாசல்லயே கிடக்கே" என்கிறார். நீயாவது புரிந்துகொள். இப்போதிருக்கும் பேட்டரிகளில் கரி இருக்கிற இடத்தில் சிலிக்கானை வைத்தால் பத்து மடங்கு வரை மின்சாரம் பிடித்து வைக்கும். வைக்க முடிந்தால். அந்த "முடிந்தால்" என்பதில்தான் என் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

போனில் செய்தி அனுப்பலாம்தான். ஆனால் அது அம்மா போன். அம்மா அதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுவார். ஆகவே பார்சலே நமக்குத் தபால்பெட்டி.

மறுபடியும் பள்ளிக்கூடம் எப்போது?

அண்ணன்

&nbsp;

ஜனவரி 30

அண்ணா,

வறண்ட குளம் என்று எழுதிவிட்டாய். அன்று சாப்பாடு இறங்கவில்லை. அம்மா "காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இந்தத் தடவை தகட்டைப் பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார். உன் முகம் தெரியும்.

எப்படிச் செய்தேன் தெரியுமா? பூச்சு காய்ந்ததும் தகட்டை ரோலர் மாமாவிடம் கொடுப்போம். துணி பிழிவது போல இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு ஒரு தடவை அழுத்தி எடுப்பார். பிறகு தடிமனை அளந்து உறைமேல் எழுதிவிட்டு, என்னிடம் பேக் செய்யக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். அவர் போனதும் நான் இன்னும் ஒரு தடவை விட்டு எடுத்தேன். அவ்வளவுதான், கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் தகடுகளுக்கு இப்படிச் செய்வதில்லை. உன்னுடையதற்கு மட்டும்தான். இனிமேல் யாரும் உன்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

முதலாளியம்மா தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, "யாரு பேக் பண்ணினது? இவ்வளவு சுத்தமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். குழம்பக்கா என்னைக் கை காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓவனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் நன்றாக இருந்தது, அண்ணா. ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பற்றிச் சொல்லி, அது நன்றாக இருந்தது இதுவே முதல் தடவை.

பள்ளிக்கூடம் எப்போது என்று கேட்டிருந்தாய். உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். காலையில் பெயர் கூப்பிடும்போது எழுந்து குரல் கொடுக்க வேண்டும் இல்லையா? எனக்குக் குரல் வராது. புது ஆசிரியர் தலை நிமிராமல் பதிவேட்டைப் பார்த்தே கூப்பிடுவார். பதில் வராவிட்டால் வரவில்லை என்று குறித்துவிடுவார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டே நான் பாதி வருடம் வராமல் இருந்தேன். வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குக் குரல் இருந்தால் நான் ஏன் அந்தப் பட்டியலில் இருக்கப்போகிறேன்? அதனால் நின்றுவிட்டேன். "படிக்கப் பிடிக்கவில்லை" என்று வீட்டில் சொன்னது பொய். அதுதான் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். தகட்டைப் பற்றி மட்டும் எழுது.

தங்கை

&nbsp;

பிப்ரவரி 12

மூஞ்சூறு,

நீ எழுத வேண்டாம் என்றாய். எழுதவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய், கட்டிடத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு நான் கத்தியபோது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க முடியாததுதான் விஷயமே என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

தகடு! என்ன தகடு! மேடம் அதை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "இப்பதாம்பா வேலை மாதிரி இருக்கு" என்றார். நாட்காட்டியில் குறித்தாயிற்று. குறட்டைக்காரன் அதில் தலை வாரிக்கொண்டான். நான் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். "என் தங்கச்சி பூசினது" என்று சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கச் சிரமமாக இருந்தது.

இனி கெட்ட செய்தி. செல்கள் செத்துப்போகின்றன. முதல் நாள் நன்றாக சார்ஜ் பிடித்தது. முப்பது தடவை ஏறி இறங்குவதற்குள் பாதியாகிவிட்டது. அப்புறம் படுத்தேவிட்டது. உன் வறண்ட குளத்திலிருந்து செய்த செல் மட்டும் எப்படியோ மூச்சுப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஏதோ அதிர்ஷ்டம். அந்த டப்பாப் பொடி நன்றாக அமைந்திருக்கும், அடுத்ததில் நான் எங்கோ கோட்டை விட்டிருப்பேன். அமிலத்தில் கழுவும்போது அவசரப்பட்டேனோ என்னவோ. இந்தத் தடவை நிதானமாகக் கழுவி அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 21 அன்று கமிட்டி உட்காருகிறது. வேலையைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். அம்மாவிடம் சொல்லாதே.

தனியாகப் பரீட்சை எழுத வழி இருக்கிறது, தெரியுமா? பெயர் கூப்பிடமாட்டார்கள். யோசி.

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 24

அண்ணா,

கவலைப்படாதே. பூச்சில்தான் ஏதோ மேடு பள்ளம் இருந்திருக்கும், அதனால் செத்திருக்கும். இந்தத் தடவை மாமா அளந்த பிறகு இரண்டு தடவை விட்டிருக்கிறேன். ஒரு புள்ளிகூடச் சொரசொரப்பு இல்லை.

உன் பொடியில் ஒரு வேடிக்கை கவனித்தேன். ரோலரில் போகும்போது மெல்லிய சத்தம் வருகிறது. உப்பின் மேல் கால் வைத்தால் வருமே, அப்படி. மற்றவர்கள் பொடியில் வருவதில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. காதை வைத்துக் கேட்பேன். குழம்பக்கா பார்த்துவிட்டு, "போன தடவை டப்பாவோட பேசினா, இப்ப மெஷின் இவகிட்ட பேசுது. சீக்கிரம் கல்யாணத்துக்குப் பாருங்கப்பா" என்றார். ரோலர் மாமா, "ஏன், மெஷினுக்கா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

டப்பா ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது? பெரிய டப்பா முழுக்கப் பொடி இருந்தும் காலி டப்பா போலத்தான் இருக்கிறது. உள்ளே என்னதான் வைத்திருக்கிறாய்?

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அம்மா உனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றி எதிர்வீட்டில் பேசிக்கொண்டிருந்தார். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டார்கள். "மண்ணுல கரண்ட் எடுக்கறான்" என்றார். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை.

தங்கை

&nbsp;

மார்ச் 13

மூஞ்சூறு,

இந்தப் பார்சலில் டப்பா இல்லை. தேடாதே.

கடைசியாக நீ அனுப்பிய தகடுகளைப் போல அழகான தகடுகளை இந்தக் கட்டிடத்திலேயே யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவற்றிலிருந்து செய்த செல்கள் எல்லாவற்றையும்விட வேகமாகச் செத்தன. பத்து ஏற்றத்தில் பாதி. பொடியை நான் கவனமாகச் செய்யச் செய்ய மோசமாகிறது. இதற்குமேல் எனக்குத் தெரியவில்லை.

உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். காற்றுதான். கிண்டல் இல்லை. சிலிக்கான் சார்ஜ் ஏறும்போது லித்தியத்தை விழுங்கி வீங்கும். கொஞ்ச நஞ்சமல்ல, மூன்று மடங்குக்கு மேல். இறங்கும்போது சுருங்கும். இப்படி வீங்கிச் சுருங்கி வீங்கிச் சுருங்கி வெடித்துத் தூளாகிப்போகும். இதுதான் எல்லோருக்கும் இருக்கிற தலைவலி. அதற்குத்தான் நான் ஒரு வழி பார்த்தேன். மணல் போன்ற பொடியை மக்னீசியத்தோடு சூடாக்கி, தேவையில்லாததை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டால், ஒவ்வொரு மணியும் கடற்பஞ்சு மாதிரி ஆகிவிடும். உள்ளே முழுக்க ஓட்டை. ஓட்டைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு மெல்லிய சுவர் வீங்கினால் வெடிக்காது. பக்கத்திலிருக்கும் ஓட்டைக்குள் வீங்கிக்கொள்ளும். சிலிக்கானைச் செய்வது யார் வேண்டுமானாலும் செய்யலாம். அந்த ஓட்டையைச் செய்வதுதான் என் வேலை. இரண்டு வருடமாக நான் செய்தது ஓட்டை. இப்போது பார்த்தால் அதுவும் எனக்குச் சரியாக வரவில்லை.

21-ஆம் தேதி கமிட்டியில் நானே சொல்லிவிடப்போகிறேன். பொடி சரியில்லை, நிறுத்திக்கொள்கிறேன் என்று. அவர்கள் சொல்லி நான் கேட்பதைவிட அது மேல். குழாயும் வாளியும் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்க ஆள் தேடுகிறார்களாம். வாளி வீங்காது. நிம்மதி.

உனக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்த வேலையை நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதே. தகட்டில் ஒரு குறையும் இல்லை. நீ செய்ததுதான் இதில் உருப்படியானது.

அண்ணன்

&nbsp;

மார்ச் 20

அண்ணா,

இந்தக் கடிதம் நாளைக்குள் உனக்கு வராது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் இன்று காலைதான் கைக்கு வந்தது. ஓவன் பக்கத்தில் நின்று படித்தேன். ஓட்டைதான் உன் வேலை என்று எழுதியிருந்தாய். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ரோலரில் வந்த அந்தச் சத்தம், அண்ணா. உப்பை மிதித்தது போல வந்ததே, நான் காதை வைத்துக் கேட்டேனே. அது உன் ஓட்டைகள் நொறுங்கிய சத்தம்.

மத்தியானம் ரோலர் மாமாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "கடற்பஞ்சு மாதிரி பொடின்னா ரெண்டு தடவ விட்டா என்ன ஆகும் மாமா?" என்றேன். நான் ஒரு முழு வாக்கியம் பேசியதே அவருக்கு அதிர்ச்சி. "பஞ்சு அப்பளமாயிடும்" என்றார். அவருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாது.

முதல் தகடு ஒரு தடவைதான் போனது. அது ஓடுகிறது. இரண்டாவது இரண்டு தடவை. மூன்றாவது மூன்று தடவை, அதுதான் பத்தில் செத்தது. உன் பொடியில் குறை ஒன்றும் இல்லை. நான் அழகு பார்த்ததுதான் தப்பு.

உன் போனுக்கு அம்மா போனிலிருந்து அடித்து அடித்துப் பார்த்தேன். அணைத்து வைத்திருக்கிறாய். செய்தியும் போய்ச் சேரவில்லை. ஏதோ வேலை, 21-ஆம் தேதி முடியும்வரை போனைத் திறக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. பார்சல் ஒட்டுத்தாளில் சோதனைச்சாலை எண் இருந்தது. அதற்கு இரண்டு தடவை அடித்தேன். ஒரு அம்மா "ஹலோ" என்றார். வைத்துவிட்டேன். இரண்டாவது தடவையும் "ஹலோ" என்றார். இரண்டாவது தடவையும் வைத்துவிட்டேன்.

அம்மாவைப் பேசச் சொல்லலாம். அம்மா உன் உடம்பு, மழை, எதிர்வீட்டுச் செய்தி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "எதுக்கோ கூப்பிட்டேன், மறந்துபோச்சு" என்பார். அதுவும் தவிர, அமுக்கியது நான். சொல்ல வேண்டியதும் நான்.

இப்போது சுவரைப் பார்த்து ஒத்திகை பார்க்கிறேன். "நான் கோட்டிங் போடும் பெண்." இதுவரை வருகிறது. அதற்கடுத்த வரிக்குப் போகாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நாளை நீ வாயைத் திறப்பதற்குள் நான் திறக்க வேண்டும்.

தங்கை

&nbsp;

மார்ச் 21, மாலை

என் மூஞ்சூறுக்கு,

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

கமிட்டி எங்கள் சோதனைச்சாலையிலேயே ஒரு நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. தலைமாட்டில் ஒரு பெரியவர், காதில் கருவி. நான் பலகை முன்னால். எல்லா வரைபடத்தையும் காட்டிவிட்டேன். "ஆகவே இந்தப் பொடி..." என்று ஆரம்பித்தேன். மேஜை மேலிருந்த போன் அடித்தது. மேடம் கையில் காகிதக் கட்டு இருந்ததால், எடுக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தினார். குரல் அறை முழுக்கக் கேட்கும் பொத்தான்.

"ஹலோ?" என்றார் மேடம். பதில் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. "ஹலோ, யாருங்க?" அப்போதும் மூச்சுதான். "நேத்துலேருந்து யாரோ இப்படியே பண்றாங்க" என்று சொல்லி, அணைக்கக் கையை நீட்டினார்.

"வெச்சிடாதீங்க!"

கூரை வரைக்கும் கேட்டது. காதுக்கருவிப் பெரியவர் கருவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்கு உன் குரல் என்று தெரியவில்லை, சத்தியமாக. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"நான் கோட்டிங் போடுற பொண்ணு. பொடி நல்லாத்தான் இருக்கு. நான்தான் அமுக்கிட்டேன்."

"எதை அமுக்கினே?" என்றார் மேடம்.

"தகட்டை. மாமா அளந்து எழுதினதுக்கு அப்புறம் திரும்ப ரோலர்ல விட்டேன். உள்ள இருந்த ஓட்டையெல்லாம் மூடிடுச்சு. நொறுங்குற சத்தம் கேட்டுச்சு, எனக்குத்தான் தெரியல."

"ஏம்மா அப்படிச் செஞ்சே?"

"பளபளன்னு இருக்கணும்னு. முதல் தகட்டை வறண்ட குளம்னு எழுதியிருந்தான். அங்க எல்லாரும் அவனைப் பாத்துச் சிரிச்சாங்களாம்."

"யாரை?"

"எங்க அண்ணனை."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. குறட்டைக்காரன் கதவோரம் நின்றிருந்தான், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அவன்கிட்ட உடனே சொல்லிடுங்க" என்றாய் நீ. "பொடி சரியில்லன்னு அவனே சொல்லிடுவான். அவன் அவசரக்குடுக்கை. அதுக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்லியாச்சும்மா" என்றார் மேடம். நீ "சரிங்க" என்று வைத்துவிட்டாய்.

பிறகு மேடம் என்னைப் பார்த்து, "தடிமன் அளந்தியா?" என்றார். "உறைமேல எழுதியிருந்தது மேடம்" என்றேன். "நீ அளந்தியா?" "இல்ல மேடம்." எடை போட்டேன், மூஞ்சூறு. ஒவ்வொரு வில்லையையும் எடை போட்டேன். எடை சரியாகத்தான் இருக்கும், அமுக்கினால் எடை குறையாதே. தடிமனைப் பார்க்கவில்லை. பளபளப்பைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன். நீ ஒரு தப்புச் செய்தாய் என்றால் அதன்மேல் அட்டணக்கால் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான்.

தடிமன் அளக்கும் கருவி வந்தது. கடைசியாக வந்த தகட்டை அங்கேயே அளந்தார்கள். உறையில் எழுதியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். முதல் தகட்டின் செல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வரைபடத்தைப் பெரியவர் மறுபடி போடச் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கழற்றிப் பார்த்தார். "இந்த அசிங்கமான தகடுதான் வேணும். இதே மாதிரி இன்னும் பத்துச் செஞ்சு காட்டு" என்றார். ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். போகும்போது மேடத்திடம், "அந்தப் பொண்ணு எங்க வேலை செய்யுது? நம்ம பசங்க யாருக்கும் இப்படி போன் பண்ண வராது" என்றார்.

நீ அறை முழுக்க ஆட்களிடம் பேசியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருக்கமாட்டாய். அதனால் இப்போது சொல்கிறேன். ஒன்பது பேர். காதுக்கருவிக்காரரையும் சேர்த்து.

புது டப்பா வைத்திருக்கிறேன். ரோலரில் ஒரு தடவை. ஒரே தடவை.

என்னால் இன்னும் நிறைய எழுத முடியும். கண் கொஞ்சம் எரிகிறது. அமிலப் புகையாக இருக்கும்.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 2

அண்ணா,

ஒன்பது பேரா? படித்ததும் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டேன். அம்மா மறுபடி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இங்கேயும் சொல்லிவிட்டேன். போனில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் இவர்களுக்கு முகம் இருக்கிறது. முதலாளியம்மாவின் மேஜை முன்னால் போய் நின்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பழைய நானாக இருந்தால் அப்படியே திரும்பி வந்திருப்பேன். "அம்மா" என்றேன். நிமிர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற யாரோடதெல்லாம் இப்படி விட்டே?" என்று கேட்டார்.

"அண்ணனோடது மட்டும்தான்."

"எந்த அண்ணன்?"

"அந்தப் பறந்துபோற பொடி."

பக்கத்து அறையிலிருந்து குழம்பக்காவின் குரல் வந்தது. "அடிப்பாவி! இத்தன நாளா நம்மகிட்ட சொல்லவே இல்லையே!" நான் "நீங்க கேக்கலையே" என்றேன். முதலாளியம்மா சிரிக்காமல் இருக்கப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டார். பிறகு கோபமாகவே பேசினார். அளந்த பிறகு தகட்டைத் தொட்டால் அந்த அளவுக்கு என்ன மரியாதை என்று கேட்டார். அது நியாயம். வேலையை விட்டு அனுப்பவில்லை. இனி நீயே அழுத்து, நீயே அள, நீயே எழுது, தப்பு வந்தால் உன் பெயரிலேயே வரட்டும் என்றார்.

ரோலர் மாமாதான் வருத்தப்பட்டார். அவர் கை எழுதிய அளவு பொய்யாகிவிட்டதல்லவா. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருப்பதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "போதும்மா, எனக்கு வாய் வலிக்குது" என்றார்.

உன் கடிதத்தில் பள்ளிக்கூடம் பற்றி ஒரு வரிகூட இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். போகமாட்டேன் என்றுதான் இப்போதும் சொல்வேன். தனியாக எழுதும் பரீட்சையைப் பற்றி யோசிக்கிறேன், முடிவு ஒன்றும் இல்லை. ஆனால் நீ கேட்காமல் இருப்பது என்னவோ போல் இருக்கிறது. எப்போதாவது கேள்.

மூன்று தகடுகள் வைத்திருக்கிறேன். ஒரே தடவைதான் ரோலரில் போயின. அளந்து நானே உறைமேல் எழுதியிருக்கிறேன், நீயும் ஒரு தடவை அளந்துகொள். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். ஒன்றின் ஓரத்தில் வெடிப்புக்கூட இருக்கிறது. பேக் செய்யும்போது ரோலர் பக்கத்திலேயே இருந்தது. மாமா சாப்பிடப் போயிருந்தார். கை தானாக அந்தப் பக்கம் போயிற்று. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தக் கடிதத்திலும் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கும். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் திருத்தி எழுதிய பிரதிகள். முதலில் எழுதுவதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அழகாக மறுபடி எழுதித்தான் வைப்பேன். இதை அப்படியே வைக்கிறேன்.

பார்க்க நன்றாக இருக்காது. திட்டாதே.

தங்கை